புதுநீர்க் குடம்

ஜூன் 2, திங்கள்

லேபிலிருந்து வந்தபோது பவானி அண்ணி வாசலில் நின்றிருந்தார். என் கணவரின் அக்கா. கையில் இந்த வீட்டுச் சாவி ஒன்று. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூட்டை மாத்திட்டியா வசு? சேர மாட்டேங்குதே.”

“பழசாயிடுச்சு அண்ணி. இறுகிக்கிச்சு.”

உள்ளே வந்து மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தார். செய்தி இதுதான். ஜூலை 13 ஞாயிறு, திருச்சியிலேயே என் கணவருக்கு விழா. தமிழ் மன்றத்தார் ‘சொற்கொண்டல்’ என்று பட்டம் தருகிறார்கள். பட்டிமன்ற மேடைகளில் இத்தனை வருஷமாக ‘நறுவீ காதை’ பேசிப் பேசி அந்தப் பழைய காவியத்தைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோனதற்காக. நான் மேடையில் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும்.

“அப்புறம் ஒரு சின்ன விஷயம். மன்றத்துக்காரங்க ஆசைப்படுறாங்க. நறுவீ செஞ்ச மாதிரியே நீ மேடையில தம்பிக்குக் கால் கழுவி விடணும். வெள்ளித் தட்டு நான் கொண்டாரேன். அஞ்சு நிமிஷ வேலை.”

“சரி அண்ணி.”

“விழா மலருக்கு ஒரு பக்கம் எழுதியும் குடுத்துடு. ‘நானும் நறுவீயும்’னு. உனக்குத் தமிழ் வராதுன்னா தம்பியே எழுதிக்குவான். பேர் மட்டும் உன்னது.”

“நானே எழுதறேன்.”

காபி குடித்தார். கிளம்பும்போது வாசல் படியில் நின்று, “அவன் வந்து தங்கிட்டான்னா எல்லாம் சரியாயிடும்” என்றார். என் கணவர் சென்னையில் இருக்கிறார். தொலைக்காட்சிப் பதிவுகள். பொங்கல் முடிந்து போனவர்.

அவருடைய சட்டைகளை இஸ்திரிக்குப் போட வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

எழுத உட்கார்ந்தேன். ‘நானும் நறுவீயும்’ என்று தலைப்பு போட்டேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

எனக்குத் தெரிந்த நறுவீ முழுக்க அவருடைய குரலில் இருப்பவள். துறைமுகத்து வணிகன் மனைவி. கணவன் வேறொருத்தியின் வீட்டோடு போய்விடுகிறான். ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். “தண்ணீர்க் குடத்தோடு வந்தாள் நறுவீ! அந்தக் கால்கள் எத்தனை தெரு அலைந்த கால்கள் என்று கேட்டாளா? கேட்கவில்லை! கழுவினாள்!” இந்த இடத்தில் கைக்குட்டையை எடுப்பார். பெண்கள் பக்கத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். அந்த அழுகையை அவர் குளியலறைக் கண்ணாடி முன் பழகுவதைக் கேட்டிருக்கிறேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு பழகுவார்.

என் கல்லூரி விழாவுக்குச் சிறப்புப் பேச்சாளராக வந்து இதையேதான் பேசினார். நானும் மூக்கை உறிஞ்சினேன். அந்த அழுகைக்குத்தான் கழுத்தை நீட்டினேன்.

பத்தாவதோடு தமிழ் முடிந்துவிட்டது எனக்கு. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அப்பா, “தமிழ்ல எவன் மார்க் போடுறான்? பிரெஞ்சு எடு, அள்ளிக் குடுப்பான்” என்றார். பிளஸ் டூவில், கல்லூரியில், எல்லாவற்றிலும் பிரெஞ்சு. என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான். ஒருத்தியும் பிரான்ஸுக்குப் போகவில்லை. “எங்க வீட்டு மேடம் பிரெஞ்சுக்காரி” என்று என் கணவர் மேடையிலேயே சொல்லிச் சிரிக்க வைப்பார். நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிப்பேன்.

சிரித்தேன் என்று எழுதும்போது நாக்கில் ஏதோ ஒட்டுகிறது.

ஜூன் 8, ஞாயிறு

மூலத்தையே படித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அவர் அறையில் அலமாரி நிறையப் புத்தகம். ‘நறுவீ காதை’ நடுத்தட்டில் இருந்தது. மேடைக்குக் கையில் எடுத்துப் போவாரே, அதே பிரதி. காவி அட்டை.

எடுத்ததும் பின்னாலிருந்து ஒரு துண்டு விழுந்தது. மென்று துப்பிய சித்தரத்தை. குரல் வளத்துக்காக எந்நேரமும் மெல்லுவார். சக்கையை ஜன்னல் விளிம்பில், டம்ளரின் அடியில், எங்காவது ஒட்டி வைப்பார். இத்தனை காலமும் பொறுக்கிப் போட்டது நான்தான். இது காய்ந்து, நரைத்து, பல் பதிந்த தடத்தோடு இருந்தது. நான் மைக்ரோபயாலஜி பார்ப்பவள். சளி, சீழ், மலம் என்று நாள் முழுக்கக் கையாள்கிறேன், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இந்தச் சக்கையைத் தொட முடியவில்லை. காகிதத்தால் எடுத்து, காகிதத்தோடு போட்டு, இரண்டு முறை கை கழுவினேன்.

புத்தகத்தின் முன்பகுதி, பழைய பதிப்பாசிரியர் எழுதிய கதைச் சுருக்கம். ஆறேழு பக்கம். வரிக்கு வரி சிவப்பு மையில் அடிக்கோடு, ஓரத்தில் ‘கைதட்டல்’, ‘இங்கே நிறுத்து’, ‘கண்ணீர்’ என்று அவர் எழுத்து. “நீர்க்குடத்தோடு வந்து அவனை எதிர்கொண்டாள் நறுவீ” என்பதோடு சுருக்கம் முடிகிறது.

அதற்குப் பிறகு மூலம் தொடங்குகிறது. புரட்டினேன். புரளவில்லை.

பழைய அச்சகத்துப் புத்தகங்களில் ஓரம் சரியாக வெட்டுப்படாமல் தாள்கள் மடிப்போடு ஒட்டியே இருக்கும். படிப்பவர்கள்தான் கத்தி வைத்துக் கீறிக்கொள்வார்கள். மூலத்தின் முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை மடிப்பு மடிப்பாக ஒட்டியே இருந்தது. ஒருவர் கையும் உள்ளே போகவில்லை.

கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டதென்று போய்விட்டேன்.

ஜூன் 9, திங்கள்

லேபிலிருந்து ஸ்கால்பல் பிளேடு ஒன்று எடுத்து வந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

முதலில் ஒரு மண்ணும் புரியவில்லை. ஓர் அடிக்கு மூன்று முறை அகராதி. எழுத்தெல்லாம் தெரிந்த எழுத்து, சொல் மட்டும் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறது. ஆனால் வாய்விட்டுப் படித்தால் நாக்குக்கு ஏதோ தெரிகிறது. நேற்று ‘முன்றில்’ என்று வந்தது. அகராதி பார்ப்பதற்கு முன்பே என் கண் வாசலைத் திரும்பிப் பார்த்தது. வீட்டின் முன்னிடம். சரியாகத்தான் இருந்தது.

அவருடைய நறுவீ சந்தனமும் முல்லையுமாக மணப்பவள். இங்கே துறைமுகத்தில் மீன் நாறுகிறது. கருவாடு காயும் மணலில் நாய் புரள்கிறது. நறுவீக்கு வியர்க்கிறது, உள்ளங்கையில் உலக்கைக் காய்ப்பு இருக்கிறது. மேடையில் இதில் ஒன்றுகூட வந்ததில்லை.

பிடிக்காததும் இருக்கிறது. கணவன் போகும் அந்த இன்னொரு வீட்டுப் பெண்ணை உச்சி முதல் பாதம் வரை வருணித்துத் தீர்க்கிறார் புலவர். எச்சில் ஒழுக எழுதியிருக்கிறார். பழையது என்பதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ரசிக்க வேண்டியதில்லை. மூடி வைத்துவிட்டு மிக்ஸியைக் கழுவப் போனேன். கழுவிவிட்டு வந்து மறுபடியும் எடுத்தேன்.

ஜூன் 18, புதன்

மதியம் லேபில் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் ரெஜினா எட்டிப் பார்த்தாள்.

“என்ன மேடம், இந்த வயசுல பரீட்சையா?”

“சும்மா படிக்கிறேன்.”

“சார் வாயால கேட்டா போதாதா? யூடியூப்ல லட்சம் பேர் பார்த்திருக்காங்க. எங்க அத்தை அவர் பேசினாலே அழுவாங்க. பழைய தமிழ்ல கெட்ட வார்த்தை இருக்குமா மேடம்?”

“இருக்கு. கேட்டா பூ பேரு மாதிரி இருக்கும்.”

“நல்லதாப் போச்சு. நாலு சொல்லிக் குடுங்க, எங்க வீட்டுக்காரரைத் திட்டணும்.”

சிரித்தேன். அவள் டப்பாவை மூடியபடியே, “சார் எப்ப மேடம் வராரு?” என்றாள். குரலை இறக்கிக் கேட்டாள். அப்படியானால் லேபுக்கும் தெரியும்.

ஜூன் 19, வியாழன்

பெங்களூரிலிருந்து பனிமலர் பேசினாள். “அம்மா, விழாவுக்கு நான் வரணுமா? அப்பா மெசேஜ் போட்டிருக்காரு. ‘குடும்பமா நிப்போம்’னு.”

“உன் இஷ்டம்.”

“நீ போறியா?”

“அத்தைகிட்ட சரின்னு சொல்லிட்டேனே.”

“கால் கழுவறது உண்மையா? அத்தை ஸ்டேட்டஸ்ல போட்டிருக்காங்க.”

“அஞ்சு நிமிஷ வேலையாம்.”

 “இன்னும் அவர் சட்டையெல்லாம் அயர்ன் பண்ணி வெக்கிறியாம்மா?” என்றாள்.

“மடிச்சு வெச்சா பூச்சி அரிக்கும்” என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

பரமசிவம் வந்தார். என் கணவரின் பட்டிமன்றக் குழுவில் நகைச்சுவைப் பேச்சாளர். ‘சிரிப்பருவி’ பரமசிவம் என்று நோட்டீஸில் போடுவார்கள். மணப்பாறை முறுக்கு ஒரு பொட்டலம்.

“தங்கச்சி! வீட்டுக்கு வந்த அண்ணனை இப்படி போஸ்ட்மேனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறியே. காபி உண்டா, கையெழுத்து மட்டும்தானா?”

காபி போட்டேன். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், சுவரில் இருந்த கல்யாணப் படத்தைப் பார்த்து, “பாரு, தலையில எவ்வளவு முடி! பேசிப் பேசியே கொட்டிடுச்சு” என்றார். அவர் எதற்கு வந்தார் என்பது அவர் சிரிப்பிலேயே தெரிந்தது. வாய் மட்டும்தான் சிரிக்கும். கண் விலை பேசும்.

“உன் புருஷன் தணிகை ரொம்ப இளைச்சுட்டான் தங்கச்சி. வீட்டுச் சாப்பாடு இல்லாம மனுஷன் என்ன ஆவான்? அங்க ஒரு நாள் சாப்பிட்டேன். மீன் குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா உன் கைப்பக்குவம் வருமா?”

“அங்கன்னா எங்க?”

முறுக்கைப் பாதிக் கடியில் நிறுத்தினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த... நிகழ்ச்சித் தொகுப்பாளினிப் பொண்ணு இருக்குல்ல, அது வீட்டுல. எல்லாரையும் கூப்பிட்டுச்சு. குழுவோடதான். நீ வேற மாதிரி எடுத்துக்காத.”

“நான் எப்படியும் எடுத்துக்கலையே.”

“அதான் பார்த்தேன். நீ நறுவீம்மா. கேள்வியே கேக்க மாட்ட. விழாவுல நீ கால் கழுவி விட்டா, பேசுறவன் வாயெல்லாம் மூடிக்கும். பேச்சாளனுக்குப் பேருதானே சோறு? வீட்டு விஷயம் வெளிய வந்தா கல்லூரிக்காரன் எவன் கூப்பிடுவான்?”

ஆக அதற்குத்தான் தண்ணீர்.

அவர் போன பிறகு டம்ளரைக் கழுவினேன். முறுக்கைப் பொட்டலத்தோடு குப்பையில் போட்டேன். நல்ல முறுக்கு.

ஜூன் 24, செவ்வாய்

இதை எழுதத்தான் வேண்டும். இன்று படித்த பகுதியில், கணவன் திரும்பி வர விரும்பி முதலில் ஆட்களை அனுப்புகிறான். பழைய வழக்கம் அதுதானாம். பிரிந்து போனவன் நேராக வர மாட்டான், தனக்காகக் கெஞ்சுவதற்கு ஆள் விடுவான். நறுவீயிடம் முதலில் வருபவள் அவன் தமக்கை. அடுத்து வருபவன் பாணன். பாட்டுக்காரன், சிரிக்க வைப்பவன், அவனோடு ஊர் ஊராகப் போகிறவன்.

பாணனிடம் நறுவீ சொல்கிறாள்: உன் வாய் அந்த வீட்டு மீனும் நெய்யும் மணக்கிறது, கொஞ்சம் தள்ளி நின்று பாடு.

அகராதியை எடுக்கவில்லை. ஒரு சொல்லுக்கும் எடுக்கவில்லை. எழுந்து போய்க் கழுவுதொட்டியில் வாந்தி எடுத்தேன். மதியச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மதியம் நான் சாப்பிட்டது தயிர்சாதம்.

ஜூன் 25, புதன்

தண்ணீர் வரவில்லை. காவேரி லைன் பழுதாம். லாரி.

ஜூன் 29, ஞாயிறு

முழு நாளும் படித்தேன். சமைக்கவில்லை. வாழைப்பழமும் ரொட்டியும்.

அவன் வந்துவிட்டான். நறுவீயின் முன்றிலில் நிற்கிறான். நறுவீ உள்ளே போகிறாள். எனக்குத் தெரிந்த இடம். அவர் கைக்குட்டையை எடுக்கும் இடம். என் கண் எனக்கு முன்னாலேயே கலங்கத் தயாரானது. பழகிய நாய் மணியோசைக்கு எச்சில் ஊறுவதைப் போல. அந்தக் கண்ணீரை நினைத்தால்தான் இன்றைக்கு மிகவும் கூசுகிறது.

எழுபத்தொன்றாம் பக்கம். மூன்றடி.

புதுநீர்க் குடமொடு வாயில் வந்தோள்,
நின்றவன் அடியிணை நோக்காள், நின்ற
நிலனே கழுவினள், நெடிது கழுவினள்.

மறுபடி படித்தேன். வாய்விட்டுப் படித்தேன். அகராதியில் ஒவ்வொரு சொல்லையும் பார்த்தேன், தெரிந்த சொல்லையும் சேர்த்து. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவள் அவன் காலைத் தொடவில்லை. பார்க்கக்கூட இல்லை. அவன் நின்ற தரையைக் கழுவுகிறாள். நாய் அசிங்கம் செய்த இடத்தைக் கழுவுவதைப் போல. நெடுநேரம் கழுவுகிறாள்.

சுருக்கம் எழுதிய பதிப்பாசிரியர் குடத்தோடு நிறுத்திக்கொண்டார். அவருக்கு என்ன கூச்சமோ. மீதியை என் கணவர் தன் கால்களால் நிரப்பிக்கொண்டார். அதைத் தமிழ்நாட்டுப் பெண்கள் எல்லோரும் அழுது ஏற்றுக்கொண்டோம். நான் அதை ஏற்றுக்கொண்டு வெந்நீர் போட்டேன், சட்டை மடித்தேன், சக்கை பொறுக்கினேன்.

நறுவீ இத்தனை நூற்றாண்டாக மடிப்புக்குள் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறாள். வெட்டிப் பார்க்க ஆளில்லை.

அடுத்த தாள் ஒட்டியிருக்கிறது. அதற்கு மேல் இன்று வெட்டவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

சட்டைகளை எல்லாம் இரண்டு பைகளில் போட்டுக் கட்டிவிட்டேன். பூச்சி அரித்தால் அரிக்கட்டும்.

ஜூலை 4, வெள்ளி

அவரே பேசினார். மாதக்கணக்கில் குறுஞ்செய்திதான், இன்று குரல். மேடைக் குரல். போனிலும் இடைவெளி விட்டுத்தான் பேசுவார், கைதட்டலுக்கு.

“வசு. சாப்பிட்டியா?”

“ஆச்சு.”

“மெரூன் பட்டு கட்டு. போட்டோல எடுப்பா வரும். சனிக்கிழமை காலையில அக்காவோட வந்து உன்னை அழைச்சுக்கிறேன். அன்னிக்கே ஒரு தடவை ஒத்திகை பார்த்துடலாம். தட்டை எந்தப் பக்கம் வெக்கணும், எப்படிக் குனியணும்னு. கேமராக்காரன் சொல்லுவான்.”

“ம்.”

“மலருக்கு எழுதிட்டியா? அனுப்பு, திருத்தித் தரேன். உன் தமிழ்ல சந்தியெல்லாம் தெருவுக்குத் தெரு கிடக்கும்.” சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்தினார்.

“ஒண்ணு கேக்கணும்,” என்றேன். “நறுவீ குடத்தோட வந்தப்புறம் என்ன பண்றா?”

“என்ன கேள்வி இது? கால் கழுவுறா. அதை வெச்சுத்தானே நம்ம வீட்டுல அடுப்பு எரியுது.”

“எத்தனாவது பக்கம்?”

“பக்கமாவது! ஜனங்க பக்க நம்பரா கேக்கிறாங்க? உணர்ச்சி வேணும்டி. உனக்கு அதெல்லாம் புரியாது, பிரெஞ்சுக்காரி.”

அவரிடம் சொல்லியிருக்கலாம். எழுபத்தொன்று என்று. சொல்ல மனம் வரவில்லை. அந்த மூன்றடியை அந்த வாய்க்குள் விட விருப்பமில்லை. சித்தரத்தையோடு சேர்த்து மென்று துப்பிவிடுவார்.

ஜூலை 6, ஞாயிறு

மலர்க்குழுவுக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பு: ‘நானும் நறுவீயும்’. அதன் கீழே அந்த மூன்றடி. அதன் கீழே ‘மூலம், பக்கம் 71’. அதன் கீழே என் பெயர், வசுமதி. அவர் பெயரைச் சேர்க்கவில்லை. வேறு ஒரு சொல்லும் எழுதவில்லை.

பத்து நிமிஷத்தில் செயலாளரிடமிருந்து பதில். “மிக அருமை அம்மா! உள்ளத்தை உருக்கிவிட்டீர்கள். அச்சுக்குப் போகிறது.” மூன்று கும்பிடு, ஒரு ரோஜா.

படித்திருந்தால் அந்த ரோஜா வந்திருக்காது. தமிழ் மன்றத்துக்கு இருக்கிற தமிழ் அவ்வளவுதான். எனக்கு இருந்ததும் போன மாதம்வரை அவ்வளவுதான், அதனால் ரொம்பவும் குதிக்கக் கூடாது.

ஜூலை 9, புதன்

அண்ணி போனில்: “மருதாணி வெச்சுக்க வசு. குளோசப்ல கைதான் தெரியும்.”

ஜூலை 12, சனி

காலையில் காவேரித் தண்ணீர் வந்தது. ஆற்றில் புது வெள்ளம் போலிருக்கிறது, குழாயில் செந்நிறமாக வந்து பிறகு தெளிந்தது. நீலக் குடத்தைப் பிடித்து நிரப்பி வைத்தேன். பக்கெட்டையும் நிரப்பினேன். இந்த வீட்டில் எப்போதும் செய்வதுதான், இதில் ஒன்றுமில்லை.

ஒன்பதரைக்கு அழைப்பு மணி. பழைய சாவியைப் போட்டுப் பார்க்கும் சத்தம் அதற்கு முன்பே கேட்டது.

திறந்தேன். அவர் நின்றார். தலைக்குச் சாயம், புதுச் சட்டை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வாசல் தரையில் வெறுங்காலோடு நின்றார். பின்னால் படிக்கட்டருகில் அண்ணி, கையில் வெள்ளித் தட்டு, துணியில் சுற்றியது. என் கணவர் வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தார். அந்த வாடை எனக்கு முன்னால் வீட்டுக்குள் போகப் பார்த்தது.

“வந்துட்டேன் வசு” என்றார். நிறுத்தினார். கைதட்டலுக்கான இடம்.

 உள்ளே போய் நீலக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையில் தேய்க்கும் துடைப்பத்தோடு வந்தேன்.

அண்ணி முதலில் குடத்தைத்தான் பார்த்தார். “பார்த்தியாடா! நான் சொல்லல? ஒத்திகைக்கு அவளே ரெடியாத்தான் இருக்கா. தட்டு இங்க இருக்கு வசு, இரு, இரு...”

என் கணவரின் முகம் விரிந்தது. நெகிழ்ந்துவிட்டதைப் போலக் கண்ணை மூடித் திறந்தார். குனிந்து, பேண்ட்டைக் கணுக்கால் வரை இரண்டு மடிப்பு மடித்தார். பிறகு வலது காலை எடுத்து என் பக்கமாக நீட்டினார்.

எழுபத்தொன்றாம் பக்கத்தை எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தக் கால் அதைச் சொல்லிவிட்டது.

“கொஞ்சம் தள்ளுங்க” என்றேன்.

தள்ளினார். அவர் நின்றிருந்த இடத்தில் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். காலைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தேன். சிமென்ட்டில் ஈரப் பாதத் தடம் இரண்டு இருந்தது, வியர்வையாக இருக்கும், போகும்வரை தேய்த்தேன். அவர் தள்ளி நின்ற இடத்தில் அடுத்து ஊற்றினேன். இன்னும் தள்ளினார். அங்கேயும் தேய்த்தேன். ஒவ்வொரு அடியாக அவர் பின்னால் போனார், ஒவ்வொரு அடியாக நான் கழுவிக்கொண்டு போனேன். தண்ணீர் படிக்கட்டில் இறங்கியது.

“என்னடி இது? பித்து பிடிச்சிருக்கா உனக்கு?” என்றார் அண்ணி. தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒட்டினார்.

“வசு, ஷூ நனையுது,” என்றார் அவர். “ஷூ, ஷூ!”

அவ்வளவுதான் சொன்னார். வேறொன்றும் அவருக்குப் புரியவில்லை. கெஞ்சியிருந்தாலோ கத்தியிருந்தாலோகூட என் கை ஒரு கணம் நின்றிருக்கும்.

உள்ளே போய்ச் சட்டைப் பைகள் இரண்டையும் கொண்டுவந்து அண்ணி பக்கத்தில் வைத்தேன். காய்ந்த படியாகப் பார்த்து வைத்தேன்.

“நாளைக்கு நான் வரல. மலர்ல என் பக்கம் இருக்கு. படிச்சுப் பாருங்க.”

“படிக்கிறேன், படிக்கிறேன். முதல்ல நீ...” என்று தொடங்கினார் அவர்.

கதவைச் சாத்தினேன். பக்கெட்டுத் தண்ணீரில் உள்பக்கப் படியையும் கழுவினேன். அங்கே அவர் கால் படவில்லை. ஆனாலும் கழுவினேன். குறுக்கு வலித்தது. ‘நெடிது’ என்ற சொல்லுக்கு அகராதி கொடுத்த பொருள் போதாது.

ஜூலை 13, ஞாயிறு

விழா. நான் தலைக்குக் குளித்து, மீன் வாங்கி, குழம்பு வைத்துச் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்தது. பனிமலர் பேசினாள். அவளும் போகவில்லை. நடந்ததைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தாள், பிறகு அழுதாள் என்று நினைக்கிறேன். “அந்த மூணு லைன் அனுப்பும்மா” என்றாள்.

ஜூலை 14, திங்கள்

காலையில் ரெஜினா போனை நீட்டினாள். “மேடம், விழா வீடியோ. சாருக்கு ஏதோ ஆயிடுச்சு பாருங்க.”

நிறைந்த அரங்கம். என் நாற்காலியில் ஒரு சால்வைக் குவியல். எனக்கு உடல்நலமில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். அவர் வழக்கமாகப் பேசிக்கொண்டே வந்தார், துறைமுகம், வணிகன், வாசல். பிறகு மலரைக் கையில் எடுத்தார். “வர முடியவில்லை என் துணைவியாரால். ஆனால் அவர் இதயம் இங்கே இருக்கிறது! அவர் எழுதியதை வாசிக்கிறேன்.”

பக்கத்தைத் திறந்தார். முன்கூட்டியே படித்திருக்கவில்லை.

முதல் அடியைக் கணீரென்று வாசித்தார். குடம் வந்ததும் அரங்கம் கைதட்டியது. இரண்டாம் அடி, “நின்றவன் அடியிணை”, அதுவரை குரல் ஏறியது. “நோக்காள்” என்பதில் வேகம் குறைந்தது. “நின்ற...”

அங்கே நின்றுவிட்டார்.

காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. மூன்றாவது அடி அவருக்குள் இறங்குவது தெரிந்தது. நனைந்த ஷூவை நினைத்திருப்பார். தாடை மெல்லுவதை நிறுத்தியது. பிறகு கை தானாகப் பைக்குப் போய்க் கைக்குட்டையை எடுத்தது. இருபது வருஷப் பழக்கம். முகத்தை மூடிக்கொண்டார். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் பெண்கள் அழுதார்கள்.

அந்தக் கைதட்டல் கேட்காதபடி போனின் ஒலியைக் குறைத்தேன். 

“அதுக்கு மேல சார் படிக்கவே இல்ல மேடம். அடுத்து என்ன இருக்கு?” என்றாள் ரெஜினா.

சொன்னேன். “நிலனே கழுவினள், நெடிது கழுவினள்.”

அவள் கையிலிருந்த ஸ்லைடைக் கீழே வைத்தாள். “இன்னொரு தடவை மேடம்.”

இன்னொரு தடவை சொன்னேன். அர்த்தம் கேட்கவில்லை அவள். ஸ்லைடை மறுபடி கையில் எடுத்தபடி, “அப்புறம் நறுவீ என்ன பண்றா?” என்றாள்.

தெரியாது. எழுபத்திரண்டாம் பக்கம் இன்னும் மடிப்புக்குள் ஒட்டியே இருக்கிறது. பழைய பிளேடு மழுங்கிவிட்டது. புதிதாக ஒன்று எடுத்து வந்திருக்கிறேன்.